எழுபது வளைவுகளும் நான் மாற்றிய பிரேக்கும்

பிரேக் வேலை செய்கிறவனுக்குப் பாராட்டு என்பதே கிடையாது. பிடித்தால் வண்டி நல்ல வண்டி, பிடிக்காவிட்டால் மெக்கானிக் மோசம். கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளியில், இருபத்திரண்டு வருஷமாக ஒர்க் ஷாப் வைத்திருக்கிறேன். என் கடையைத் தாண்டினால் மலை ரோடு, எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறப் போகிற வண்டிக்காரர் என்னிடம் இன்ஜினைப் பார்க்கச் சொல்வார், இறங்கி வந்தவர் பிரேக்கைப் பார்க்கச் சொல்வார். பழைய வண்டி வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களே, அதைப் பழுது பார்த்து அல்லாடுகிறவர்களே, போன வருஷம் ஒரு அம்பாசிடருக்கு டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் போடுகிறேன் என்று நானாகவே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். உங்கள் கஷ்டம் கொஞ்சம் சின்னதாகத் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பஸ்ஸுக்குப் பின்னால் காலி கார்

வண்டி சின்னத்தம்பியுடையது. மலை மேல் குண்டூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் போடுகிற விவசாயி. அவருக்கு ஐம்பது வயது, வண்டிக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். டிரம் பிரேக்கை நீண்ட இறக்கத்தில் விடாமல் மிதித்தால் உள்ளே சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். ஒரு தடவை அப்படி ஆகி, மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசித்தான் வண்டியை நிறுத்தினார். பின் சீட்டில் இருந்தவர் அவர் மனைவி பொன்னம்மா. அதற்கப்புறம் அந்த அம்மா அந்த வண்டியில் கால் வைக்கவில்லை. ராசிபுரத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க அவர் பஸ்ஸில் போவார். அதே பஸ்ஸுக்குப் பின்னால் புருஷன் காலி காரை ஓட்டிக்கொண்டு போவார். பஸ்ஸில் இருக்கிறவர்கள் பின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று சின்னத்தம்பியே சொன்னார்.

இப்போது மகளுக்கு ஏழாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. வளைகாப்பு முடித்து மலைக்கு அழைத்து வர வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரியை பஸ்ஸில் நசுங்க விட முடியாது, இந்தக் காரில் ஏற்றப் பொன்னம்மா விடமாட்டார். வாடகைக்கு ஒரு வண்டி பிடியுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் அந்த வாரம்தான் செல்போனில் டிஸ்க் பிரேக் மாற்றுகிற வீடியோக்கள் நாலைந்து பார்த்துவிட்டு, அந்த வித்தை முழுக்கக் கைவந்துவிட்ட மாதிரி இருந்தேன். மூன்று நாளில் முடித்துத் தருகிறேன், உங்கள் வீட்டு அம்மா தானாகவே கதவைத் திறந்து ஏறுவார் என்றேன். சின்னத்தம்பி சாவியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "ஊருல சிரிக்கறது போவுதுங்க. எம் பொண்ணு பாத்துட்டிருக்கறப்ப நான் காலி வண்டிய ஓட்டிட்டு வரக் கூடாதுங்க."

காற்றுக்கு வழி

நாமக்கல்லில் பழைய சாமான் கடையில், பிற்பாடு வந்த ஒரு மாடலின் முன்பக்க டிஸ்க் செட் கிடைத்தது. முன் சக்கரங்களுக்கு டிஸ்க், பின் சக்கரங்களில் பழைய டிரம்மே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். மாட்டும் வேலை ஒரே நாளில் முடிந்துவிட்டது. மீதி வேலை பிரேக் ஆயில் குழாயில் இருக்கிற காற்றை வெளியேற்றுவது. காற்று இருந்தால் பெடல் இலவம்பஞ்சுத் தலையணை மாதிரி அமுங்கும். ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் டிஸ்க்கைக் கவ்வுகிற காலிப்பரில் உள்ள சின்ன நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். பக்கத்துப் பட்டறை வெல்டர் தங்கவேல் மிதித்தார், நான் திறந்து மூடினேன்.

காலையில் ஆரம்பித்தோம். மத்தியானச் சோற்றுக்குப் பிறகும் பெடல் அதே தலையணைதான். ஆயில் தீரத் தீர ஊற்றினேன். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகப்பட்டேன், குழாயைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் தங்கவேல் சரியாக மிதிக்கவில்லை என்று அவர் மேலேயே பழி போட்டேன். அவர் கோபப்படவில்லை. இறங்கி வந்து என் பக்கத்தில் குந்தி, நிப்பிளைப் பார்த்தார். இடது பக்கக் காலிப்பரை வலது பக்கமும், வலதை இடது பக்கமும் மாட்டியிருந்தேன். அதனால் மேலே இருக்க வேண்டிய நிப்பிள் இரண்டு சக்கரத்திலும் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. "ஏனுங்ணா, காத்து மேலதான போவும்? நீங்க கீழ வழிய உட்டுட்டு வா வான்னா அது எப்படிங்ணா வரும்?"

ஏற்றத்தில் வந்த வாசனை

நான் சொன்ன மூன்று நாள் எட்டாவது நாளில் முடிந்தது. பெடல் கல் மாதிரி நின்றது. சின்னத்தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து நானே மலை ஏறினேன். போகிற வழியெல்லாம் டிஸ்க் பிரேக் சூட்டை எப்படிக் காற்றில் விட்டுவிடும் என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். பதினெட்டாம் வளைவு தாண்டியதும் ஏதோ கருகுகிற வாசனை. யாரோ காட்டில் சருகு கொளுத்துகிறார்கள் என்றேன். இருபத்திரண்டாம் வளைவில் வண்டி முக்கி முனகி நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் முன் சக்கரம் இரண்டிலும் புகை.

தப்பு முழுக்க என்னுடையது. டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில் ஆயிலைக் கொஞ்சம் அழுத்தத்திலேயே பிடித்து வைக்க ஒரு வால்வு உண்டு. டிரம்முக்கு அது வேண்டும். டிஸ்க்குக்கு அது எமன், காலை எடுத்த பிறகும் பிரேக்கை விடாது. பழைய சிலிண்டரே போதும் என்று அதை அப்படியே விட்டிருந்தேன். சக்கரம் ஆறட்டும் என்று ரோட்டோரத்தில் உட்கார்ந்தோம். சின்னத்தம்பிதான் பேச்சை ஆரம்பித்தார். "முன்னயெல்லாம் எறங்கறப்பதானுங்க சூடாவும். இப்ப ஏறறப்பவே ஆவுதுங்களே."

பலாப்பழம் கேட்கவில்லை

டிஸ்க்குக்கு ஏற்ற புதுச் சிலிண்டர் வாங்கினேன். அதோடு பூஸ்டரும் சேர்ந்தே வந்தது. இன்ஜின் ஓடும்போது அது உறிஞ்சுகிற காற்றை வைத்து, நம் கால் கொடுக்கிற பலத்தைப் பல மடங்காக்குகிற சாமான் அது. இந்தத் தடவை ஏற்றத்தில் வாசனையும் இல்லை, புகையும் இல்லை. எனக்கு மறுபடி தலைக்கனம் வந்தது. வண்டியைச் சின்னத்தம்பியிடம் கொடுத்து, மலை மேல் இருக்கிற செம்மேட்டுச் சந்தைக்குப் போய்வரலாம் என்று கூடவே ஏறினேன்.

டிரம் பிரேக் வைத்து மலையில் ஓட்டியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வளைவு வருவதற்கு முன்பே பெடலை இரண்டு மூன்று தரம் ஓங்கி மிதித்து ஏற்றி வைத்துக்கொள்வார்கள். செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் குறுக்கே வந்த ஆட்டுக்காக அவர் அதே மாதிரி ஓங்கி மிதித்தார். வண்டி அந்த இடத்திலேயே அறைந்தாற்போல் நின்றது. பின் கண்ணாடிக்கு அடியில் பலகையில் வைத்திருந்த பலாப்பழம் மட்டும் நிற்காமல் பறந்து வந்து என் தோளில் இறங்கியது. ஆடு சாவகாசமாகப் போய்விட்டது. நான் தோளைப் பிடித்துக்கொண்டு, பிரேக் எப்படி என்று பெருமையாகக் கேட்டேன். "வண்டி உங்க பேச்சக் கேக்குதுங்க. பலாப்பழத்துக்கு யாருமே சொல்லலீங்களாட்ட இருக்குது."

பழுதானது யார்

வளைகாப்புக்கு நாள் குறிக்கப் பொன்னம்மா ராசிபுரம் புறப்பட்டார், வழக்கம் போல பஸ்ஸில். அன்று மலை மேல் அவர்கள் வீட்டில் இருந்த எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இன்றைக்கு நாம் பஸ்ஸுக்கு முன்னால் போவோம், வளைவுக்கு வளைவு வண்டி எப்படி அடங்குகிறது என்று உங்கள் வீட்டு அம்மா பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்து பார்க்கட்டும் என்றேன். சின்னத்தம்பிக்கும் பிடித்துவிட்டது. அன்று அவர் வெள்ளை வேட்டியெல்லாம் கட்டிக்கொண்டு வந்தார்.

மலை இறக்கத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் செய்கிற இன்னொரு காரியத்தை நான் சுத்தமாக மறந்திருந்தேன். இறக்கம் ஆரம்பித்ததும் பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்திவிட்டு, நியூட்ரலில் வழுக்கிக்கொண்டே இறங்குவார்கள். சின்னத்தம்பியும் திருப்பினார். நான் பின்னால் வருகிற பஸ்ஸைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன், சத்தம் நின்றதுகூட உறைக்கவில்லை. முதல் வளைவில் பிரேக் பிடித்தது. இரண்டாவதில் அரைகுறையாகப் பிடித்தது. இன்ஜின் ஓடாததால் பூஸ்டருக்குள் இருந்த பலம் அதோடு தீர்ந்தது. மூன்றாவது வளைவில் அவர் மிதித்த பெடல் பாறை மாதிரி அசையாமல் நின்றது. அவர் இரண்டு காலாலும் மிதித்தார். நான் கைபிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். பின் சக்கரத்தில் நான் தொடாமல் விட்ட பழைய டிரம் கீச்சென்று கவ்வி, வண்டி குறுக்கே திரும்பி, தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இந்த வண்டியில்தான் ஒரு கர்ப்பிணியை ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபோது எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது.

பின்னால் பஸ் நின்றது. பொன்னம்மா இறங்கி வந்தார். புருஷனை மேலும் கீழும் பார்த்து அடி ஏதும் படவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகு, என்னிடம் என்ன ஆனது என்று கேட்டார். நான் பூஸ்டர், இன்ஜின், சாவி என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியது என் பொறுப்பு, சொல்லாமல் விட்டது என் தப்பு என்றும் சொன்னேன். பிரேக்கில் மட்டும் பழுது எதுவும் இல்லை என்று கடைசியில் சேர்த்தேன், தொழில் கௌரவம் விடவில்லை. அந்த அம்மா தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்குத் திரும்பினார். "பிரேக்குல பழுதில்லீங்க, செரி. ரெண்டு பழுதும் முன்னாடி சீட்டுல உக்காந்திருக்குதுங்க."

ராசிபுரம் போகும் வழி

கைபிரேக்குக்குப் புதுக் கேபிள் போட்டேன். ஸ்டியரிங்குக்கு எதிரே சிவப்பு பெயின்டில், இறக்கத்தில் இன்ஜினை நிறுத்தாதே என்று என் கையாலேயே எழுதினேன். சின்னத்தம்பியைக் கூட்டிக்கொண்டு ஆறு தடவை மலை ஏறி இறங்கினேன். பிரேக் ஒரு தடவையும் ஏமாற்றவில்லை. ஆனால் இறக்கத்தைப் பார்த்தால் அவர் கை தன்பாட்டுக்குச் சாவிக்குப் போகும், நான் அந்தக் கையைத் தட்டிவிடுவேன். ஆறாவது தடவையும் தட்டிவிட்டேன். முப்பது வருஷப் பழக்கத்தைப் பெயின்ட் அழித்துவிடுமா? வளைகாப்பு அன்றைக்குப் பொன்னம்மா ஏறமாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. காலையிலிருந்து கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை. பஸ் இறங்கி வருகிறதா, அதற்குப் பின்னால் காலி கார் வருகிறதா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் வரவில்லை. கார் மட்டும் வந்து என் கடை வாசலில் நின்றது. பின் சீட்டில் பொன்னம்மா, மடியில் வளையல் பெட்டி. என் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க உடனே முன் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தேன். சூடு அளவாகத்தான் இருந்தது. இன்ஜினை நிறுத்துங்கள், சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். சின்னத்தம்பி நிறுத்தவில்லை. கூச்சத்தோடு பின்னால் திரும்பிப் பார்த்தார். சாவித் துவாரத்தில் சாவி இல்லை. அந்த வண்டியின் ஸ்விட்ச் தேய்ந்து போனது, ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியை உருவிவிடலாம், இன்ஜின் பாட்டுக்கு ஓடும். சாவி இல்லாமல் நிறுத்தத்தான் முடியாது. இத்தனை வாரம் அந்த வண்டிக்குள்ளேயே கிடந்த எனக்கு அது தோன்றவில்லை. பொன்னம்மா இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை அவிழ்த்துச் சாவியை எடுத்து எனக்குக் காட்டிவிட்டு, மறுபடி உள்ளே போட்டு முடிந்துகொண்டார். "பிரேக்கு உங்க பொறுப்புங்க, சாவி எம் பொறுப்பு. மேல ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் எம் பொண்ணும் இதுலதான் வருவா."

இருபத்திரண்டு வருஷத்தில் என் கடை வாசலைத் தாண்டிப் போன பிரேக்குகளில் இன்று வரை புகார் வராதது ஒன்றே ஒன்றுதான், அது ஒரு சுருக்குப்பைக்குள் இருக்கிறது, அதை மாட்டியதும் நான் இல்லை.