றீற்றாவுக்கு ஒரு பகல் வீடு

"முன்வாசலைப் பார்க்காதீங்க தங்கச்சி, பின்வளவு உடுப்புக் கொடியைப் பாருங்க. பிள்ளையைக் கவனிக்கிற வீடெண்டா பத்து மணிக்குச் சின்ன உடுப்புக் காயும்." இதை எனக்கு முதன்முதல் சொன்னவர், கிண்ணியாவிலிருந்து தயிர்ச்சட்டி கொண்டுவரும் காசிம் காக்கா. துறைமுகக் கன்ரீனில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் கிழமை அது. கன்ரீன் வேலையில் சுடுதண்ணீரும் ஓயாது, சனமும் ஓயாது. இடுப்பில் பிள்ளையோடு அதைச் செய்ய ஏலாது. வேலைக்குப் போகிற தாய்மாருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

என்னவரை ஆண்டவர் அழைத்து ஏழு மாதம். மகள் றீற்றாவுக்கு மூன்று வயது. கொதிக்கிற கேத்தலுக்கு அவள் கை நீட்டியதைக் கண்ட மனேஜர் ஐயா கோபிக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "மாதம் முடியமுன்னம் பிள்ளைக்கு ஒரு இடம் பாருங்கோ. இல்லாட்டி நான் வேற ஆள் பார்க்க வேணும்."

ஓர்ஸ் ஹில்லில் ஒரு வீடு

முதல் போனது ஓர்ஸ் ஹில்லில் ஒரு கிளார்க்கரின் வீட்டுக்கு. அவருடைய மனைவி நாலு பிள்ளைகளைப் பகலில் பார்த்தார். வெள்ளைத் திரைச்சீலை, கண்ணாடி அலுமாரிக்குள் பொம்மைகள், அலுமாரிக்குப் பூட்டு. பிள்ளைகள் பாயில் வரிசையாக, கையை மடியில் வைத்தபடி இருந்தார்கள். பின்னால் எட்டிப் பார்த்தேன். கொடி வெறுமையாக இருந்தது.

"விளையாட விடுறேல்லையோ?" என்று கேட்டேன். அந்த அம்மா பெருமையாகத்தான் சொன்னார்: "எங்கட வீட்டுப் பிள்ளையள் ஊத்தையாகிறேல்லை. அசைஞ்சால்தானே ஊத்தையாகும்."

நனைந்த சட்டைகள்

அடுத்தது இறங்குதுறைப் பக்கம் ஒரு வீடு. கொடி நிறையச் சின்னச் சட்டைகள். மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தி நன்றி சொல்லி, மாற்றுச் சட்டை இரண்டும் கொடுத்து, றீற்றாவை அங்கே விட்டேன். பின்னேரம் போனால் அந்த இரண்டும் கொடியில் சொட்டச் சொட்டத் தொங்கும். என் மனம் குளிரும்.

நாலாம் நாள்தான் கண்ணில் பட்டது. பிள்ளையின் உடம்பில் காலையில் நான் போட்டுவிட்ட சட்டை. அதில் காலையில் தின்ற புட்டு அப்படியே காய்ந்திருந்தது. கொடியில் தொங்கியவை உடுத்தாமலே நனைக்கப்பட்டவை. யார் சொல்லிக் கொடுத்ததென்று விளங்காமல் அடுத்த நாள் காசிம் காக்காவிடம் முறையிட்டேன். தயிர்ச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு யோசித்தார். "அந்த வீட்டுக்கும் நான்தான் தயிர் குடுக்கிற. தாய்மார் கொடியைத்தான் பாப்பாங்க எண்டு போற வீடெல்லாம் சொன்னேன். நல்ல விசயந்தானே, தங்கச்சி."

லிங்கநகரில் ஒரு கேள்வி

மாதம் முடிய மூன்று நாள். செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு லிங்கநகரில் வீடு வீடாகத் தட்டினேன். லீலா அக்கா வீட்டிலும் கொடி வெறுமைதான். திரும்பிப் போக வெளிக்கிட்டேன். அப்போது கிணற்றடியில் ஐந்து பிள்ளைகள் சேறும் தாங்களுமாக, வெறும் ஜங்கியோடு குதிப்பதைக் கண்டேன். ஐந்து சட்டையும் கதிரையில் மடித்து வைத்திருந்தது. ஊத்தையாகாத சட்டையை ஏன் தோய்க்க வேண்டும்?

லீலா அக்கா என் பெயரையும் கேட்கவில்லை, நான் செய்யும் வேலையையும் கேட்கவில்லை. "பிள்ளைக்கு என்னத்துக்குப் பயம்?" என்றார். இத்தனை வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை. துறைமுகச் சங்கு ஊதினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள் என்றேன். அக்கா தலையாட்டினார். "அப்ப நாளைக்கே கொண்டாங்கோ. இஞ்ச எல்லாம் பயந்தாங்கொள்ளியள்தான்."

பன்னிரண்டு மணிச் சங்கு

சூடு கண்ட மனம் ஆறுமா? றீற்றாவை லீலா அக்காவிடம் விட்ட மூன்றாம் நாள், சொல்லாமல் போய்ப் பார்க்கத் துணிந்தேன். மத்தியானச் சோற்று நேரத்தில் கன்ரீனை விட்டுப் போகக்கூடாது. ஆனாலும் அகப்பையைக் காசிம் காக்காவின் கையில் கொடுத்து, "கொடி சொன்னது நீங்கள்தானே, இண்டைக்குச் சோறும் நீங்களே போடுங்கோ" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

ஒழுங்கையில் திரும்பும்போது சங்கு ஊதியது. அதோடு லீலா அக்கா வீட்டிலிருந்து பிள்ளைகள் ஒரே கத்தல். அடிக்கிறார்களாக்கும் என்று, செருப்பும் கழன்றுபோக ஓடினேன். முற்றத்தில் ஆறு பிள்ளைகளும் துறைமுகத்தைப் பார்த்து வாயைப் பிளந்து, சங்கோடு போட்டிக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். முன்னுக்கு நின்றவள் என் றீற்றா. சங்கு நின்ற பிறகும் அவள் நிற்கவில்லை.

அவளைத் தூக்கக் கையை நீட்டினேன். லீலா அக்காவின் சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு நோவும் வந்தது. அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீங்கள் போய் வேலையைப் பாருங்கோ. இவ இப்ப வரமாட்டா, நாலு மணிச் சங்குக்கும் கத்த வேணுமாம்."

கன்ரீன் வேலை எனக்குப் பதினாறு வருசம் நிலைத்தது. அத்தனை கொடி பார்த்து நான் கண்டது, கொடியில் காய்வது உடுப்பு மட்டும்தான் என்பது. உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: இன்று பின்னேரம் பிள்ளையைக் கூட்டப் போகும்போது, பார்த்துக்கொண்டவரிடம் "சாப்பிட்டனீங்களோ?" என்று ஒருதரம் கேளுங்கோ. என் பிள்ளையின் பயத்தைக் கேட்ட லீலா அக்காவிடம், றீற்றா அங்கே இருந்த மூன்று வருசத்தில் அதை நான் ஒருதரமும் கேட்கவில்லை.