கதவின்மேல் வைத்த கைகள்

எங்கள் வேலூர் வீட்டு மாடியில் மும்பையிலிருந்து வந்த ஒரு யூதக் குடும்பம் சில ஆண்டுகள் குடியிருந்தது. குடும்பத்தலைவர் ஆம்பூரில் தோலுக்குச் சாயமேற்றும் பிரிவை நடத்தியவர். மனைவியும் பள்ளி செல்லும் ஒரே மகளும் உடனிருந்தனர். அவர்களுடைய ஓய்வுநாள் வெள்ளி மாலையே பிறந்துவிடும். கதிர் சாயுமுன் அந்த அம்மாள் எண்ணெய் விளக்கேற்றுவார். அதன்பின் அடுப்பில்லை, பயணமில்லை. உண்ணுமுன் தந்தை மகளின் தலைமேல் இரு கைகளையும் வைத்து ஆசி கூறுவார். தனித்து வாழும் என்னையும் அழைப்பார்கள். துணி மூடிய இரண்டு ரொட்டிகளும் உலர்திராட்சை ஊறிய சாறும் காத்திருக்கும்.

பள்ளி ஆண்டுவிழா ஒருமுறை வெள்ளி மாலைக்கு மாறிப்போயிற்று. நாடகத்தில் அவளே அரசி.

"நீங்களாவது சொல்லுங்க தாத்தா. நான் போவலன்னா தோஸ்துங்க எல்லாம் பேஜாராயிடுவாங்க."

தாய் முந்திக்கொண்டார். "தாத்தா சிவராத்திரி அன்னிக்கி தூங்கிட்டு, மறுநாளு முழிப்பாரா? கேளு."

"தூங்குவாரே! நானே பார்த்திருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, தாய்க்கு வரவில்லை. அறைக்கதவு படாரென்று சாத்தப்பட்டது.

விளக்கேற்றும் நேரத்தில் வந்த தந்தை செய்தியைக் கேட்டார். போ என்று விட்டுக்கொடுக்கவில்லை. வெளியே வா என்று அதட்டவுமில்லை. மூடிய கதவின்மேல் இரு கைகளையும் வைத்து, வழக்கமான குரலில் ஆசியை முழுதும் கூறிவிட்டு வந்தமர்ந்தார்.

"ரொட்டி ஆறிடுச்சுன்னா சூடு பண்ண முடியாது" என்றார் தாய், கதவைப் பார்த்து.

"ஆறட்டும்!"

"சரி. நாங்களும் ஆறினதே துன்றோம்."

ஒருவரும் ரொட்டியைத் தொடவில்லை. நெடுநேரம் கழித்துக் கதவு திறந்தது. வீங்கிய கண்கள், தலையில் அட்டைக் கிரீடம்.

"கதவுக்குச் சொன்னது எனக்குச் சேராதுப்பா. மறுபடி சொல்லு."

கிரீடத்தைக் கழற்றச் சொல்லாமல், அதன்மேலேயே கைகளை வைத்து முதலிலிருந்து தொடங்கினார் அவர். சரிந்த கிரீடத்தைத் தாய் ஒரு விரலால் தாங்கிக்கொண்டார்.

அவர்கள் ஊர் மாறிப் போய்விட்டார்கள். வெள்ளிதோறும் மாடி இருண்டு கிடக்கிறது. சிறுவயதில் நான் ஓதும் பதிகத்தில் பிழை வந்தால் என் தந்தை பிரம்பெடுப்பார். பிழை வராதபோது மெல்லத் தலையசைப்பார். அவ்வளவே. அம்மையே அப்பா என்று இறைவனை அழைத்து அழைத்தே என் நா தேய்ந்தது.

அன்று அந்த ஆசி முடிந்தபோது நானும் என்னையறியாமல் தலை தாழ்த்தி நின்றிருந்தேன். அவர் என்னைவிட எவ்வளவோ இளையவர். மூத்தவர் தலையில் இளையவர் கைவைக்கும் வழக்கம் எங்கும் இல்லை. "உக்காருங்க ஐயா" என்று அவர் நாற்காலியை இழுத்துப்போட்டார்.