அக்காவை ஒளித்து வைத்த ஊர்

போன ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு, பாறசாலைப் பக்கம் போய் வந்தேன். பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். கோவளம் போகிறவர்கள் பேருந்தில் தூங்கிக்கொண்டே கடக்கும் ஊர் அது. நான் போனது ஓர் எழுத்தாளரைப் பார்க்க. சிறுவயதில் பனிமலையை நடந்தே தாண்டி இந்தியாவுக்கு வந்த திபெத்தியர். கர்நாடகத்தில் ஓர் அகதிக் குடியிருப்பில் வசிக்கிறார். குளிர்காலம் வந்தால் கேரள எல்லைக்கு வந்து அறை எடுத்து எழுதுகிறார். தன் திபெத் ஊரையும் அக்காவையும் பற்றி அவர் எழுதிய நாவலை ஆங்கிலத்தில் படித்துவிட்டு நான் எழுதிய மின்னஞ்சலுக்கு ஒற்றை வரியில் பதில் போட்டார்: வாருங்கள், பேசலாம், படம் மட்டும் எடுக்க வேண்டாம்.

இங்கே அவரைத் தென்சின் என்று எழுதுகிறேன். அவர்கள் குடியிருப்பில் தெருவுக்கு நாலு தென்சின் உண்டு, அதனால் யாருக்கும் தொந்தரவில்லை.

காலை ஆறு மணிக்கு நாகர்கோவில் வடசேரியில் களியக்காவிளை பேருந்தைப் பிடித்தேன். நாற்பது கிலோமீட்டர் சொச்சம். மார்த்தாண்டம் நெரிசலையும் சேர்த்து இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் நாற்பது ரூபாய்க்குள். களியக்காவிளையில் எல்லை என்று பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். பேருந்தின் நிறமும் கடைப் பலகையின் எழுத்தும் மாறும், அவ்வளவுதான். நான் அதையும் கவனிக்கவில்லை. புட்டும் கடலையும் (அறுபது ரூபாய், சுமார் ரகம்) தின்கிற அவசரத்தில் இருந்தேன். பிறகு கேரளப் பேருந்து ஏறி, பாறசாலை தாண்டி உதியன்குளங்கரையில் இறங்கினேன். இருபது ரூபாய்.

தென்சின் சந்திப்பிலேயே நின்றிருந்தார். அறுபதை நெருங்கும் வயது, மடித்துக் கட்டிய கைலி, கையில் மீன் பை. ஏன் இந்த ஊர் என்றுதான் முதலில் கேட்டேன். பல வருடங்களுக்கு முன் நண்பர்களோடு கடல் பார்க்க வந்தாராம். களியக்காவிளையில் தேநீருக்கு நிறுத்தியபோது, ஒரு பெண் அந்தப் பக்கம் மீன் வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் நடந்து வந்ததைப் பார்த்திருக்கிறார். யாரும் தடுக்கவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. இவர் எழுந்து போய் எல்லையை அப்படியும் இப்படியும் கடந்துகொண்டே இருந்தாராம். எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று ஒரு கடைக்காரர் விசாரித்தாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் புட்டு தின்றுகொண்டே கடந்த இடம் அது.

அவர் தங்குவது ஸ்டெல்லா என்பவருடைய வீட்டு மாடியில். ஸ்டெல்லாவுக்கு ஐம்பது வயது இருக்கும். பழைய மிஷன் சபைக் குடும்பம், சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். பெண்களுக்கு மட்டும்தான் சொல்லித் தருவாராம். ஆண்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டதற்கு, அவர்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்றார். அன்று ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்தவர், எங்கள் இருவரையும் நெய்யாறு கடலில் சேரும் பூவார் பொழிமுகம் வரை தன் காரிலேயே கூட்டிப்போவதாகச் சொன்னார். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

ஸ்டெல்லா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பானெட்டை இரண்டு முறை தட்டினார். ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடி ஜெபம் செய்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாவலில் வரும் அக்கா குதிரையை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள், கழுத்தில் இரண்டு முறை தட்டுவாள், அங்கேயே நெற்றியை வைத்துக் கண்ணை மூடுவாள். வாய் சும்மா இருந்தால்தானே. “புத்தகத்துல அக்கா அப்படியே இதைத்தான் செய்யறாங்க!” என்று உளறிவிட்டேன்.

தென்சின் தலையைக் குனிந்துகொண்டார். ஸ்டெல்லா சாவியைத் திருகவில்லை. கண்ணாடி வழியாக அவரையே பார்த்தார்.

“என்னையா எழுதி வச்சிருக்கிய? நேரா பறையுங்க சாரே.”

அவர் பறைந்தார், வழி முழுவதும், மலையாளமும் ஆங்கிலமும் கலந்து. முதல் புத்தகத்தில் உண்மையை அப்படியே எழுதினாராம். திபெத்தில் அவர் பிறந்த ஊரில் ஒரு கிழவர் தேநீர்க் கிண்ணத்தை இடது கையால்தான் பிடிப்பார் என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை வைத்துச் சீன அதிகாரிகள் ஆளைக் கண்டுபிடித்து விசாரணைக்குக் கொண்டு போனார்கள். கிழவர் திரும்பி வந்தாரா என்று இன்றுவரை இவருக்குத் தெரியாது. அதன்பின் பல வருடம் பேனாவையே தொடவில்லை. அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அவளோடு தொலைபேசியில் பேசுவதுகூட அவளுக்கு ஆபத்து.

இந்த ஊருக்கு வந்தபிறகுதான் ஒரு வழி கிடைத்திருக்கிறது. தன் சொந்த ஊர்க்காரர் ஒவ்வொருவருக்கும் பதிலாக இங்கே ஒருவரைத் தேடினார். நாவலின் கொல்லருக்கு ஆரியங்கோட்டு ரப்பர் விவசாயி ஒருவருடைய நடையும் கோபமும். ஆறு நெய்யாறேதான், பனிக்கட்டியை மட்டும் மிதக்கவிட்டார். அக்காவுக்கு ஸ்டெல்லா. இந்த வருடம் நாவல் திபெத்திய மொழியிலும் வரப்போகிறது. அங்கேயும் போய்ச் சேரும். அதற்குமுன் அக்காவை அடையாளம் காட்டும் எதுவும் மிஞ்சியிருக்கிறதா என்று வரிவரியாகத் தேடத்தான் இந்த முறை வந்திருக்கிறார்.

எழுத்தாளர் என்றால் உள்ளதை எடுத்துச் சொல்கிறவர் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இவர் உள்ளதை மறைப்பதற்காகவே ஒரு நாவல் முழுக்க உழைத்திருக்கிறார். அதைப் படித்துவிட்டு நான் அழுதிருக்கிறேன்.

பூவாரில் படகுக்காரர்கள் இரண்டாயிரத்தில் பேரம் தொடங்குவார்கள். எங்களுக்குப் படகு தேவைப்படவில்லை. பொழியூர் பக்கத்துச் சாலையில் மணல் வரைக்கும் கார் போகும். ஆறு கடலில் கலக்கிற இடத்தில் இறங்கி நின்றோம். ஸ்டெல்லா எங்களை விட்டுவிட்டு அலை விளிம்பில் கொஞ்ச தூரம் நடந்து போய்த் திரும்பி வந்தார். கோபம் என்றுதான் நினைத்தேன்.

“அப்ப உங்க அக்கா நெசமா என்ன செய்வா? வண்டியில, குதிரையில ஏறும்போ?” என்று கேட்டார்.

அதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை என்றார் தென்சின். சொல்லாமல் சொல்லாமல், இப்போதெல்லாம் அக்காவை நினைத்தால் ஸ்டெல்லாதான் குதிரையைத் தட்டுகிறார், அக்கா வரவே மாட்டேன் என்கிறாள் என்றார்.

ஸ்டெல்லா அவர் பக்கம் திரும்பினார். “புக்கில நான் இருந்துட்டுப் போறேன். யாராவது தேடி வந்தா, அது உதியன்குளங்கரை ஸ்டெல்லாவாக்கும்னு சொல்லுங்க. வந்து பாத்துட்டுப் போட்டும். எனக்கு ஒரு பேடியும் பயமும் இல்ல.” கடலைக் காட்டினார். “ஆனா உங்க அக்கா உங்களுக்கு வேணும். அவ செய்யத இங்க நின்னு ஒருக்க செய்து பாருங்க.” பிறகு என் தோளைத் தொட்டார். “அண்ணா, திரும்பி நில்லுங்க. நாம பாக்கப்பிடாது.”

இருவரும் கடலுக்கு முதுகு காட்டி, தென்னைகளைப் பார்த்து நின்றோம். பின்னால் அலைச்சத்தம்தான் கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பிப் பார்க்கத் துடித்தேன், பார்க்கவில்லை. அவர் எங்களிடம் வந்தபோது முகம் நனைந்திருந்தது; “வந்துவிட்டாள்” என்றார் மலையாளத்தில்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். நெய்யாற்றின்கரையில் தங்கினால் எல்லாம் பக்கம், சுமாரான அறை ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். ஞாயிறு காலையில் பல கடைகள் திறக்காது. பொழிமுகத்தில் சுழல் உண்டு, இறங்காதீர்கள். களியக்காவிளையில் எல்லையை நடந்தே கடந்து பாருங்கள், இரண்டு தடவையாவது.

நான் எழுதிய கட்டணம், தூரம், பேருந்து எல்லாம் சரியானவை, நம்பிப் போகலாம். ஆட்களை மட்டும் தேட வேண்டாம். உதியன்குளங்கரையில் ஸ்டெல்லா என்று டிரைவிங் ஸ்கூல்காரர் யாரும் கிடைக்கமாட்டார். வண்டி ஏறும் முன் அவர் தட்டுவது பானெட்டையும் அல்ல.