கேட்கீப்பர் வழக்கில் கேட்காமல் விட்ட கேள்விகள்

சபையாருக்கு என் ஸ்தோத்திரம். நின்று சாட்சி சொல்லி எனக்குப் பழக்கமில்லை. மற்றவர்கள் சொல்லும் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துதான் பழக்கம். தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பூந்தமல்லி கோர்ட்டில் கிரிமினல் வக்கீலாக எனக்குப் பதினெட்டு வருஷம் ஓடியிருந்தது. ரொம்பவும் களைத்துப் போயிருந்தேன். முந்தின மாதம்தான், குற்றம் செய்யாதவன் என்று நான் முழுக்க நம்பிய ஒருவன் ஜெயிலுக்குப் போனான். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தான். அதன்பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முழங்கால் போட்டால் ஜெபம் வரவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒருவர், "திருடனுக்குப் பேசுற வாயி, இங்க வந்து பாட்டு வேற பாடுது" என்றார். அவர் சொன்னது சரி என்றே எனக்கும் பட்டது. கையில் இருக்கும் ஒரு வழக்கை முடித்துவிட்டு, பத்திரம் எழுதிப் பிழைத்துக்கொள்கிறேன் என்று மனைவி எஸ்தரிடம் சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு வழக்கு, ஆவடிப் பக்கம் ரயில்வே கேட்டில் வேலை பார்த்த கோவிந்தசாமியின் வழக்கு. ஆடி மாதம், ஒரு மத்தியானம். கோவில்பதாகையிலிருந்து வந்த மாட்டுவண்டி தண்டவாளத்தில் ஏறியபோது ரயில் வந்துவிட்டது. வண்டியில் படுத்திருந்த தனம்மா இறந்துபோனார். ஓட்டிவந்த அவர் கணவர் முனுசாமி, கால் முறிந்து உயிர் பிழைத்தார். ரயில் வரும் நேரத்தில் கேட்டைத் திறந்து போட்டிருந்தார் என்று கோவிந்தசாமி மேல் குற்றச்சாட்டு.

"நான் கேட்ட மூடி சங்கிலி மாட்டினேன் ஐயா. கொடி எடுக்க ரூமுக்குள்ள போனேன். திரும்பி வந்து பாத்தா வண்டி லைனு மேல கீது" என்றார் கோவிந்தசாமி.

"யார் திறந்தது?"

"நான் பாக்கல. பாக்காதத எப்டி சொல்றது? அந்த மனுசன் பொண்டாட்டிய பறிகுடுத்துட்டு கீறாரு ஐயா."

முனுசாமிதான் எதிர்த்தரப்பின் முக்கிய சாட்சி. அவர் சாட்சியம் உடைந்தால்தான் கோவிந்தசாமி பிழைப்பார். அன்று முனுசாமி கள் குடித்திருந்தார் என்று ஒரு பேச்சு என் காதுக்கு வந்திருந்தது. உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் அதை வைத்துப் பத்துக் கேள்விகள் எழுதிவிட்டேன். நாலு பேர் முன்னால் அவரைக் குடிகாரனாக்கும் கேள்விகள். பழகிய கை, தானாக எழுதிவிட்டது.

விசாரணை அன்று காலை, கோர்ட்டுக்குப் பின்பக்கச் சுவர் ஓரமாக நின்றேன். "ஆண்டவரே, எனக்கு முடியவில்லை. கோவிந்தசாமியைக் காப்பாற்றும். இந்த மனிதரை நான் கிழித்துப்போடாதபடி என்னையும் காப்பாற்றும்" என்றேன். அவ்வளவுதான் ஜெபம். மனதில் சமாதானம் எதுவும் வந்துவிடவில்லை. அதே களைப்போடு உள்ளே போனேன்.

முனுசாமி கோலை ஊன்றிக்கொண்டு கூண்டில் ஏறினார். கேட் திறந்திருந்தது என்று சொன்னார். என் முறை வந்தது. காகிதத்தைப் பிரித்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். தூங்கிப் பல நாளாகியிருக்கும் அந்தக் கண்கள். காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். வேறு என்ன கேட்பதென்று எனக்கே தெரியவில்லை.

"அந்தம்மாவுக்கு அன்னைக்கு உடம்புக்கு என்ன?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை போலும்.

"மூணு நாளா ஜொரம் ஐயா. கண்ணே தொறக்கல. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன். கேட்டாண்ட நின்னேன், நின்னேன், ரயிலயும் காணோம். இவளுக்கு மூச்சு வாங்குது…"

பேச்சு நின்றது. தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே புரிந்துவிட்டது. மாஜிஸ்ட்ரேட் எழுதுவதை நிறுத்தினார். நான் அடுத்த கேள்வி கேட்காமல் காத்து நின்றேன்.

"நான்தான் சங்கிலிய கழட்டினேன். அவரு மூடித்தான் வெச்சிருந்தாரு. அவள நானே கொன்னுட்டேன்னு எப்டி ஐயா வாயால சொல்றது?"

கோவிந்தசாமி விடுதலையானார். ஜெயித்த சந்தோஷம் எனக்கு வரவில்லை. வெளியே, கேட்டைத் திறந்ததற்காக முனுசாமி மேல் வழக்குப் போட ஒரு போலீஸ்காரர் அவரை விசாரித்துக்கொண்டிருந்தார். கோவிந்தசாமி என் அருகே வந்தார்.

"அவருக்கும் நீங்களே நில்லுங்க ஐயா. அவருக்குன்னு வேற யாரு கீறா" என்றார்.

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. என் ஜெபத்தின் இரண்டு பாதிகளையும் ஆண்டவர் கேட்டிருந்தார். முனுசாமிக்காக நான் வாதாடினேன். கோவிந்தசாமியே வந்து அவருக்காகச் சாட்சி சொன்னார். கோர்ட் முனுசாமியை எச்சரித்து அனுப்பிவிட்டது. நான் பத்திரம் எழுதப் போகவில்லை.

பிரியமானவர்களே, களைப்பு தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். இன்றும் சோர்ந்துதான் வீடு திரும்புகிறேன். தோற்கிற வழக்குகளும் உண்டு. ஆனால் ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்ட ஒரு மனிதர் பக்கத்தில், அவர் பேசும்வரை காத்து நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையை எனக்குத் தந்ததற்காக ஆண்டவரைத் துதிக்கிறேன். ஜெபிக்க வார்த்தை வராதவர்கள் இங்கே இருந்தால், முடியவில்லை என்ற ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லிப் பாருங்கள். நாளைக்கு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அந்த மனிதர் குற்றம் செய்தாரா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியாது. நானும் முடியவில்லை என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவேன்.