கோணக்கழுத்துச் சேவலின் பிள்ளைகள்

போன வாரம் ஜொகூர் பாரு மார்க்கெட்டில் மருமகள் கோழி வாங்க நின்றாள், நான் பை பிடிக்க நின்றேன். இந்த வயதில் வீட்டில் எனக்குக் கொடுத்திருக்கும் உத்தியோகம் அதுதான். கடைக்காரச் சீனர் ஒரு வெள்ளைக் கோழியைக் கொதிநீரில் முக்கி, ரப்பர் விரல்கள் முளைத்த ஓர் இயந்திரத்துக்குள் போட்டார். அது கடகடவென்று சுற்றி, இறகில்லாத கோழியை வெளியே துப்பியது. வெந்த இறகின் நாற்றம் எழுந்தது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னா மாமா, ஆயுசு பூரா கோழியோட இருந்தவங்க நீங்க, இதுக்குப் போயி மூக்கப் பிடிக்கிறீங்க?" என்று மருமகள் சிரித்தாள்.

ஆயுசு பூரா இருந்ததால்தான் பிடிக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கு மீன் வேறு வாங்க வேண்டியிருந்தது. அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

நான் படித்தது மாட்டு வைத்தியம். சென்னையில் படிப்பை முடித்து, கப்பலேறி, மலாய்க் காட்டில் யானைக்கு ஊசி போடப் போகிறோம் என்ற கனவோடு வந்தேன். சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஒரு கோழிப் பண்ணையில் கொண்டுபோய் விட்டார்கள். முப்பதுகளின் தொடக்கம். ரப்பர் விலை தரையில் கிடந்தது. தோட்டத்து ஜனங்கள் கோழி வளர்த்தாவது பிழைக்கட்டும் என்று மேலிடத்தில் யாருக்கோ இரக்கம் பிறந்த காலம். நான் பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் "மாப்பிள்ளை எந்த மாதிரி டாக்டர்?" என்று கேட்டார்கள். கோழி டாக்டர் என்றேன். கூடத்துக்கு வந்துகொண்டிருந்த காப்பி அப்படியே அடுக்களைக்குத் திரும்பிவிட்டது.

அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். கோழி எச்சத்தின் நெடி சட்டையை விட்டுப் போகாது. என்ன சவுக்காரம் போட்டாலும் அக்குளில் தங்கிவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கழிச்சல் வந்த கூட்டின் நாற்றத்தைப் பொறுக்க முடியாது. நேற்று வரை கொக்கரித்த கோழி, இன்று சிறகைத் தொங்கப்போட்டு, அலகில் கோழை வடிய, பச்சைப் பச்சையாகக் கழியும். மறுநாள் காலையில் கூட்டைத் திறந்தால் எறும்பு நமக்கு முன்னால் வந்திருக்கும். மழைக்காலம் தோறும் இது வந்தது. தவிட்டில் கலந்த மருந்தெல்லாம் தவிட்டுக்குத்தான் தண்டம்.

எங்கள் பண்ணைத் துரைக்குக் கோழி என்றால் கண்காட்சிக் கோழி. கப்பலில் வந்த வெள்ளை லெகார்ன் சாதிக் கோழிகளுக்கு மீனெண்ணெய் ஊட்டி, கொண்டையைத் துணியால் துடைத்துவிடுவார். அவருடைய அறைச் சுவரில் குற்றமே இல்லாத ஒரு கோழியின் படம் தொங்கியது. உயிரோடு இருந்த கோழிகளை அந்தப் படத்தோடு ஒப்பிட்டுத் திட்டுவதுதான் அவருடைய ஆராய்ச்சி. கழிச்சல் வந்ததும் முதலில் மாண்டவை அந்த அழகிகள்தான்.

பக்கத்து ரப்பர்த் தோட்டத்து நாட்டுக்கோழிகளும் செத்தன. ஆனால் அங்கே ஒன்றிரண்டு எப்போதும் பிழைத்துக்கொண்டன. அவை ஏன் பிழைத்தன? அந்தத் தெம்பு குஞ்சுக்கும் போகுமா, பேரக்குஞ்சுக்கும் போகுமா? போகும் என்றால் மருந்தே வேண்டாம், பிழைத்ததையே பெருக்கினால் போதும். எனக்கு வேறு நினைப்பே இல்லாமல் போனது. சைக்கிளை எடுத்துக்கொண்டு பிழைத்த கோழிகளைத் தேடி, தோட்டத்து ஜனங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயம் லயமாக அலைந்தேன்.

ஒன்றும் அகப்படவில்லை. காரணம் தெரிந்தபோது தலையில் அடித்துக்கொண்டேன். கழிச்சல் வந்ததும் கோழியின் தலையைத் தொட்டு, "முனியாண்டி, இது பிழைச்சா உனக்கே" என்று நேர்ந்துவிடுவார்கள். சாகக் கிடப்பதை அவசரமாக அறுத்துத் தாங்கள் தின்பார்கள். பிழைத்ததை வருஷப் பூசையில் முனியாண்டிக்கு அறுப்பார்கள். பிறகு டவுனிலிருந்து புதுக்கோழி வாங்கி வருவார்கள், அது அடுத்த மழையில் சாகும். நோயை வென்றதற்குத் தண்டனை கத்தி.

பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும், அஞ்சலைதான் எனக்கு வழி திறந்தாள். அவளுடைய செங்கருப்புச் சேவல் கழிச்சலில் பிழைத்தது, ஆனால் கழுத்து திருகிக்கொண்டது. வானத்தைப் பார்த்தபடியே நிலத்தைக் கொத்தும். நாலு கொத்துக்கு ஒரு சோளம் அகப்பட்டால் பெரிது.

"ஊனமுள்ளத சாமிக்குக் குடுக்கக் கூடாதுங்க டாக்டரய்யா. பூசாரி வேணாம்னுட்டாரு. கறி வைக்கவும் மனசு வரல. நீங்க வேணா கொண்டு போங்க."

"சாமி வேண்டான்னது எனக்கா?"

"நீங்கதானே லயம் லயமா வந்து கேட்டுக்கிட்டுக் கெடந்தீங்க!"

அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் சாமி கழித்த சேவல்கள் எல்லாம் என் வீட்டைத் தேடி வந்தன. ஊரில் எனக்குக் கோணக்கழுத்து டாக்டர் என்று பட்டம். அவற்றைச் சில மாதம் ஒதுக்கி வைத்துவிட்டு, பண்ணையின் கோடியில் ஒரு கொட்டகையில், கழிச்சலையே கண்டிராத பெட்டைகளோடு சேர்த்தேன். குஞ்சுகள் நோயில் தப்பினால், தெம்பு தகப்பன் வழியாகத்தான் வந்தது என்று அப்போதுதான் நிச்சயமாகச் சொல்லலாம். குஞ்சுகள் நேரான கழுத்தோடு பிறந்தன. அன்று அந்தக் கொட்டகையில் நான் தனியாகச் சிரித்ததை யாராவது பார்த்திருந்தால் வேலை போயிருக்கும்.

பாதிக் குஞ்சுகளைப் பண்ணையில் வைத்துக்கொண்டேன். மீதியை அஞ்சலையிடம் வளர்க்கக் கொடுத்தேன். நோய் தானாக வந்து சோதிக்கும் இடம் தோட்டம்தான். அடுத்த மழைக்கு நோய் வந்தது. லயமே நாறியது. அஞ்சலையின் முற்றத்தில் மட்டும் என் கோழிகள், ஒன்றிரண்டு போக, மினுமினுவென்று மேய்ந்துகொண்டிருந்தன. நான் அழுதேன். என் கோழிகளை அவள் நேர்ந்துவிட மாட்டாள் என்று நம்பி, நோய் ஓய்ந்ததும் அவற்றைக் கொண்டுவந்து பண்ணையில் மிஞ்சியவற்றோடு சேர்ப்பது, பேரக்குஞ்சு எடுப்பது என்று திட்டம்.

அந்த நேரத்தில்தான் பண்ணையைப் பார்க்க ஒரு பெரிய அதிகாரி மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் கோடிக் கொட்டகைக்குப் போய்விட்டாள். அஞ்சலை கொடுத்த சேவல் கோணக்கழுத்தன் அவளைத் திருகிப் பார்த்தான். அவள் அலறிய அலறலில் துரையின் முகம் கொண்டையை விடச் சிவந்துவிட்டது. மறுநாளே உத்தரவு. சேவல்களையும் அவற்றின் வம்சத்தையும் ஒன்று விடாமல் கொன்று எரிக்க வேண்டும். குஞ்சுகள் நேராக இருக்கின்றனவே என்று கெஞ்சினேன். ஊனத்தைப் பெருக்குவதற்கு விஞ்ஞானம் என்று பெயர் வைக்காதே என்றார். சுவரில் அந்தப் படம் தொங்கிக்கொண்டிருந்தது. நானே நின்று எரிக்க வேண்டும் என்பதும் உத்தரவில் அடக்கம்.

மண்ணெண்ணெயில் இறகு எரியும் நாற்றத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. போன வாரம் மார்க்கெட்டில் அடித்தது அதன் சின்னத் தம்பி.

குளிக்கக்கூட இல்லாமல் சைக்கிளில் ஏறினேன். அஞ்சலையிடம் இருப்பதை இன்றே வாங்கி ஒளித்துவிட வேண்டும். லயத்தை நெருங்கும்போதே வருஷப் பூசையின் உறுமிமேளச் சத்தம் கேட்டது. பெடலை இன்னும் வேகமாக மிதித்தேன். முனியாண்டி கோயிலுக்கு முன்னால் மண் சகதியாக இருந்தது, தண்ணீரால் அல்ல. ஈ மொய்த்தது. செங்கருப்பு இறகுகள் ஒரு குவியலாகக் கிடந்தன.

அஞ்சலை புதுச் சேலையில் ஓடி வந்தாள். "வாங்கய்யா, வாங்க! நம்ம கோழிங்க மானத்தக் காப்பாத்திருச்சுங்க. லயத்துலயே நம்மளதுதான் நின்னுச்சு. சேவலெல்லாம் சாமிக்கு, பெட்டையெல்லாம் பந்திக்கு. கழுத்துல ஒரு கோணல் இல்ல, பூசாரியே அசந்துட்டாரு!"

"அடிப்பாவி, அது நான் வளர்த்த வம்சம்!"

அவள் கோபப்படவில்லை. பாவம், இவருக்குப் புரியவில்லையே என்று பார்த்தாள். "நீங்க குடுத்தீங்கய்யா, இல்லேங்கல. காப்பாத்துனது யாரு? மழ பேஞ்ச அன்னிக்கே மொத்தத்தையும் நேந்துட்டேன். அவரு காப்பாத்துனத அவருக்கே குடுக்கலேன்னா நாளைக்கு எம்புள்ளைய யாரு காப்பாத்துவா?"

அசிங்கமாக இருந்தது என்று ஒருத்தர் எரித்தார், அழகாக இருந்தது என்று ஒருத்தி அறுத்தாள். பிழைத்ததைப் பிழைக்க விட மட்டும் ஒருவருக்கும் மனமில்லை. எனக்கு மனித ஜாதியே வெறுத்துப்போனது.

அவள் என்னை உட்கார வைத்து இலை போட்டு, டாக்டரய்யாவுக்கு என்று ஒரு முழுக் கோழிக்காலை வைத்தாள். காலையிலிருந்து நான் பட்டினி. தின்றேன். சகிக்க முடியாதது என்னவென்றால், அது ருசியாக இருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்கு வாய்க்கு எட்டியது, கைக்குத்தான் எட்டவில்லை.

பிறகு வேறு பண்ணை, வேறு துரை, கடைசியில் தடுப்பூசி. ஓய்வு பெறும்வரை கோழியைத்தான் பார்த்தேன், ஆனால் அந்தக் கேள்வியை மறுபடி கேட்க எவனும் விடவில்லை. இன்று அந்தத் தோட்டத்தில் ரப்பருக்குப் பதில் எண்ணெய் எடுக்கும் செம்பனை. லயம் இல்லை, முனியாண்டிக்குச் சிமெண்டுக் கோயில், பூசைக்கு எலுமிச்சம்பழம். பண்ணை இருந்த இடத்தில் ஏதோ தொழிற்சாலை. செங்கருப்புச் சேவலை ஜொகூர் முழுக்கத் தேடினாலும் காண முடியாது. துரையின் சுவரில் இருந்த படம்தான் ஜெயித்தது. அதே வெள்ளைக் கோழி, ஒரே அச்சில், கூண்டு கூண்டாக, மருந்துத் தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்கிறது.

மார்க்கெட்டுக்குப் போன அன்று இரவு மருமகள் சமைத்துப் பரிமாறினாள். "மாமாவுக்குக் கால்" என்று சொல்லி என் தட்டில் வைத்தாள். கடித்தேன், பஞ்சு போலிருந்தது.

"எப்படி மாமா இருக்கு?"

நல்லா இருக்கும்மா என்றேன். பேரன் என் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு காலைக் கடித்துக்கொண்டிருந்தான். கோணக்கழுத்தனுக்குப் பேரன் பிறக்கவே இல்லை. அந்தப் பேரனைப் பெற்றிருக்க வேண்டிய கோழியின் ஒரு காலை நான்தான் தின்றேன்.