ரப்பர்க் கொட்டைக்கு மரம் தேடிய விடுமுறை

விடுமுறையில் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித்தரலாம் என்று எழுதவேண்டியவர்கள் ஆசிரியர்கள். நான் பள்ளி வேன் ஓட்டுகிறவன். இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவன். அவர்கள் இருக்க நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் சங்கத்தில் எழுதச் சொன்னார்கள், முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன விடுமுறையில் ஒருவருக்கு நன்றி சொல்லவும் வாய் வரவில்லை. அதையாவது இதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஈப்போவில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் பெரும்பாலும் தாய் தகப்பன் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளி விடுமுறை வந்தால் என் வேனுக்கும் வேலை இல்லை, பிள்ளைகளுக்கும் போக்கிடம் இல்லை. மூன்றாவது மாடியில் ஒரு தாய், கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கணவர் இல்லை. ஒன்பது வயதில் ஒரே மகள். விடுமுறை நாட்களில் சோற்றையும் குழம்பையும் மேசையில் வைத்துவிட்டு, கிரில் கதவை வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போவார். அந்தப் பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு படியில் போகிறவர்களிடம் பேசும்.

"அங்கிள், இன்னைக்கி என்ன கெழம?"

கிழமை அதற்குத் தெரியும். யாராவது நின்று பதில் சொல்லவேண்டும், அவ்வளவுதான். தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு என்ன செய்வார்?

போன முறை ஒரு வார விடுமுறை விட்டபோது என் மனைவிதான் ஆரம்பித்து வைத்தாள். "வேன் சும்மாதானே நிக்கிது. அதுங்கள ஏத்திக்கிட்டு எங்கயாச்சும் போயிட்டு வாங்களேன்."

"எங்க போறது?"

"ஈப்போ முழுக்கச் சுத்துறது நீங்க. என்னைக் கேக்குறீங்க."

ஏழு பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஏழு பேரும் வழக்கமாக என் வேனில் பள்ளிக்கு வருகிறவர்கள். கடைசியாகச் சம்மதித்தவர் மூன்றாவது மாடித் தாய்தான். என் மனைவி பேசினாள், நான் பின்னால் நின்றேன்.

"அண்ணே, ரெண்டு வருசமா நேரத்துக்குக் கொண்டு போயி நேரத்துக்குக் கொண்டாந்து விடுறீங்க. அதுக்காகத்தான் விடுறேன்" என்றார் என்னிடம். "ஒரே ஒரு தப்பு நடந்தாலும் அவ்வளவுதான். மறுபடி வீட்டுலதான் இருப்பா."

திங்கட்கிழமை காய்கறிப் பாசாருக்குப் போனோம். பூசணிக்காயையும் வெங்காயத்தையும் தூக்கிப் பார்த்து எத்தனை கிலோ என்று சொல்லவேண்டும். பிறகு கடைக்காரச் சீனப் பெண் நிறுத்துக் காட்டுவார். ஆக மோசமாகச் சொன்னவன் நான். செவ்வாய்க்கிழமை கார் நிறுத்துமிடத்தில் விளக்குக் கம்பத்தின் நிழலை மணிக்கொரு தரம் சுண்ணக்கட்டியால் வரைந்தோம். மத்தியானம் நிழல் இவ்வளவு குட்டையாகிவிடும் என்பது எனக்கே அன்றுதான் உறைத்தது.

இதோடு ஒரு விதியும் வைத்திருந்தேன். ஒவ்வொருவரும் நாளுக்கு ஒரு கேள்வியைத் தெரியாத பெரியவர் ஒருவரிடம் கேட்டு, பதிலை நோட்டில் எழுதவேண்டும். வாயில்லாப் பூச்சியாக என்னைப் போல வளரக்கூடாது என்றுதான் அப்படி வைத்தேன். மூன்றாவது மாடிப் பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிட்டது.

"அங்கிள், நீங்க மட்டும் ஏன் யாரையும் கேக்க மாட்டுறீங்க?"

"எனக்குத்தான் எல்லாம் தெரியுமேலா."

"பொய்லா அங்கிள். வெங்காயம் எத்தன கிலோன்னே தெரியல."

வேனே சிரித்தது. என்னைப் பார்த்து ஏழு பேர் சிரித்து எனக்குக் கூச்சம் வராத முதல் நாள் அது.

புதன்கிழமை, பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்றுக்குப் போனோம். இப்போது அது முழுக்கச் செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை. ஓடைக்கரையில் மட்டும் தானாக முளைத்த ரப்பர் மரங்கள் ஒரு இருபது நிற்கின்றன. கொட்டை வெடிக்கும் பருவம். எனக்குத் தெரிந்த அறிவியல் ஒன்றே ஒன்று: ஒரு மரத்துக் கொட்டைகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரிப் புள்ளியும் கோடும் இருக்கும். ஒட்டுக் கட்டி நட்ட மரங்கள் என்றால் நிரை முழுக்க ஒரே மாதிரிதான். தானாக முளைத்தவை அப்படியில்லை, மரத்துக்கு மரம் வேறு. கொட்டையைப் பொறுக்கி, வகை பிரித்து, எது எந்த மரத்தினுடையது என்று கண்டுபிடிக்கவேண்டும். அதுதான் அன்றைய வேலை.

இரண்டு மணி நேரம் பிள்ளைகள் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. "இது என் மரத்துக் கொட்ட." "ஓ, ஒன் பேரு எழுதியிருக்கா?" நடுநடுவே கொட்டையைக் கல்லில் தேய்த்து அடுத்தவர் கையில் சூடு வைப்பதும் நடந்தது. எல்லாக் கொட்டைக்கும் மரம் கிடைத்தது, கறுப்புக் கோடு போட்ட ஒரு வகைக்கு மட்டும் கிடைக்கவில்லை.

மழை கருக்கிக்கொண்டு வந்ததும் கிளம்பச் சொன்னேன். பள்ளி வேன் ஓட்டுகிறவர்கள் பிள்ளைகளை எண்ணுவதில்லை, இருக்கைகளை எண்ணுகிறோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு இடம். கண்ணாடியில் பார்த்து எந்த இடமும் காலியாக இல்லை என்றால் வண்டியை எடுப்போம். அன்றைக்கு ஒரு பிள்ளையோடு சித்தியவான் ஊரிலிருந்து அதன் அத்தை மகளும் வந்திருந்தாள். வரும்போது அவள் எனக்குப் பக்கத்தில் முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தாள். திரும்பும்போது அந்த இடத்தில் கொட்டைச் சாக்கை வைத்துவிட்டேன், அவள் பின்னால் போய் உட்கார்ந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். ஏழு இடம், ஏழு தலை. வண்டியை எடுத்துவிட்டேன்.

பெரிய சாலைக்கு வந்து பெட்ரோல் நிலையத்தைத் தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு குரல். "அங்கிள், அவ எங்க?"

மூன்றாவது மாடிப் பிள்ளை வேனில் இல்லை. அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது சித்தியவான் பிள்ளை.

தோட்டத்துச் செம்மண் பாதையில் எப்படித் திரும்பி ஓட்டினேன் என்று எனக்குத் தெரியாது. அவள் பாதையோரத்தில், உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கும் இந்தோனேசியப் பெண் ஒருவருக்குப் பக்கத்தில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். எங்கேயும் நடக்காதே, வண்டி திரும்பி வரும் என்று சொல்லி அவளை அங்கேயே உட்கார வைத்தவர் அந்தப் பெண்தான். தன் தண்ணீரையும் கொடுத்திருந்தார். மலாயில் அவருக்கு நன்றி சொன்னேன்.

பிள்ளை அழவில்லை. "அங்கிள், கறுப்புக் கோட்டுக்கு மரம் கெடச்சிருச்சி. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கு" என்றாள். அதைத் தேடித்தான் போயிருக்கிறாள். வேனில் ஏறிய பிறகுதான் முகம் மாறியது.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க அங்கிள். சொன்னா நாளைக்கி மறுபடி உள்ளதான்."

"நாங்களும் சொல்ல மாட்டோம்" என்றது இன்னொரு பிள்ளை.

"நீ சொல்லுவ. ஒனக்கு வாயி நிக்காது" என்றது அதற்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை.

சொல்லாமல் விடுவது எனக்குச் சுலபம். பேசாமல் இருப்பது என் பிறவிக் குணம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு ஓட்டினேன். ஆனால் அந்தத் தாய் அடுத்த நாளும் என்னை நம்பி அனுப்புவார். எதை நம்பி அனுப்புகிறோம் என்று தெரியாமலேயே அனுப்புவார்.

மனைவி வேலையிலிருந்து வரவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மூன்றாவது மாடிப் படியில் நானே நின்றேன். ஐந்து மணிக்குத் தாய் வந்தார்.

"என்னண்ணே, படியில நிக்கிறீங்க?"

யோசித்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. "தங்கச்சி, இன்னைக்கி ஒங்க மகளத் தோட்டத்துலயே விட்டுட்டு வந்துட்டேன். அப்பறம் திரும்பிப் போயிக் கூட்டியாந்தேன்."

அவர் மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "எவ்ளோ நேரம் தனியா இருந்தா?"

"இருவது நிமிசம் இருக்கும்."

"எண்ணிப் பாக்கலியா?"

"எண்ணுனேன். சீட்ட எண்ணுனேன்."

"சீட்டா? புள்ளைங்கள எண்ணலியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"ரெண்டு வருசமா இப்பிடித்தான் எண்ணுறீங்களா?"

"ஆமா."

"அண்ணே, செம்பனைக்குள்ள பாம்பு இருக்கும், பன்னி இருக்கும். நான் ஆசப்பட்டா இவளப் பூட்டிட்டுப் போறேன்?"

"அம்மா, எனக்கு மரம் கெடச்சிச்சி."

"நீ வாய மூடு." பிறகு என்னிடம் கேட்டார்: "இவ சொல்லச் சொன்னாளா, நீங்களா வந்து சொல்றீங்களா?"

"சொல்ல வேணாம்னுதான் சொன்னா."

அவர் மகளை உள்ளே விட்டு, கிரில்லை இழுத்துப் பூட்டினார்.

இரண்டு ஆண்டுகளில் எத்தனையோ பெற்றோர் என்னிடம் பேசியிருக்கிறார்கள். நேரம் கேட்பார்கள், ஏன் தாமதம் என்பார்கள். எப்படி எண்ணுகிறாய் என்று யாரும் கேட்டதில்லை. அவர் கேட்டார். கோபத்தில் கேட்டாலும் கேட்டார், இந்த அடுக்குமாடியில் வேறு ஒருவரிடமும் அதைச் சொல்லவுமில்லை. இன்றைக்கு நான் ஒவ்வொரு பிள்ளையையும் முகத்தைப் பார்த்து, பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் ஏற்றுகிறேன். பேரைக் கேட்டால் பிள்ளைகள் ஏதாவது பதில் பேசுகிறார்கள், நானும் பேசுகிறேன். அதற்கும் சேர்த்து அந்தத் தங்கைக்கு நன்றி.

மறுநாள் காலையில் மழை. எட்டு மணிக்கு அந்தத் தாய் மகளைக் குடையில் கீழே கூட்டிவந்து வேனில் ஏற்றிவிட்டு வேலைக்குப் போனார். நாங்கள் ரயில் நிலையத்துக்குப் போய், பாரிட் புந்தார் ஊருக்கு ஒரு நாளைக்கு எத்தனை ரயில் போகிறது என்று அட்டவணையைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தோம்.