துப்பிப் பழகிய வாய்

பதினேழாவது கிளாஸைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, ஒரு வாய் எடுத்து, சர்ரென்று காற்றை உறிஞ்சிக் கொப்பளித்து, காலடி வாளியில் துப்பிவிட்டு, "நனைஞ்ச அட்டைப்பெட்டி" என்பார். பக்கத்திலிருக்கும் குமாஸ்தாப் பெண் எழுதிக்கொள்வாள். கார்க் கெட்டு ஒயினும் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

ஒயின் இறக்குமதிக் கம்பெனியில் அவருக்குப் பெயர் மூக்கர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. உலகத்துத் திராட்சைத் தோட்டமெல்லாம் அவர் நாக்கில் நடந்து போயிருக்கின்றன; ஒரு சொட்டுகூடத் தொண்டையைத் தாண்டியதில்லை. இருபத்தாறு வருஷமாகத் துப்புவதற்கே சம்பளம் வாங்குகிற மனுஷர். சொன்னால் யார் நம்புகிறார்கள்? "தினம் நாப்பது கிளாஸாமே, எப்படி நேரா நடந்து வர்றாரு?" என்று மாடிப்படியில் பேசிக்கொள்வார்கள். "அந்தக் கொடுமைய ஏன் கேக்கறீங்க, காபியையே பாதி துப்பிடறாரு" என்பாள் மனைவி.

வீட்டிலும் அவர் உத்தியோகம் ஓயாது. சூப்பை ஒரு கரண்டி வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொள்வார். "ஆரம்பம் சரி. நடுவுல கொஞ்சம் தொய்வு. முடிவுல உப்பு முந்திக்குது."

"பசிச்சா சாப்பிடுங்க. மார்க் போடறத ஆபீஸோட வெச்சுக்குங்க."

முப்பது வருஷக் குடித்தனத்தில் 'நல்லாயிருக்கு' என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அதனால்தான், சென்ற மாதம் ஒரு நாள் "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு மடமடவென்று சாப்பிட்டபோது அவளுக்குச் சந்தேகம் தட்டியது. மறுநாள் வேண்டுமென்றே சூப்பை அடிப்பிடிக்க விட்டாள். வீடு முழுக்கக் கருகல் வாடை. மனுஷர் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு "பிரமாதம்" என்றார்.

"மூக்கு போயிடுச்சா?"

"உஷ்!" அவர் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். "வெறும் சளிதான். மருந்து சாப்பிடறேன்ல?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஆபீஸில் நிறத்தைப் பார்த்தே ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். புதன்கிழமை குட்டு உடைந்தது. இருபத்திரண்டாவது கிளாஸைச் சுழற்றி, முகர்ந்து, துப்பி, "வெள்ளை ஒயின். ரொம்ப நாசூக்கு. பின்னால எலுமிச்சைத் தோல் தெரியுது" என்றார்.

குமாஸ்தாப் பெண்ணின் பேனா நின்றது. "சார்... அது நீங்க வாய் கொப்பளிக்க வெச்ச தண்ணி சார்."

விஷயம் மேனேஜர் காதுக்கு எட்ட எவ்வளவு நேரமாகும்? திங்கட்கிழமை பரீட்சை என்று உத்தரவு வந்தது. நிறம் தெரியாத கறுப்பு கிளாஸ் மூன்று. இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. வேறானதைச் சொல்லிவிட்டால் பழைய நாற்காலி. தவறினால் கிடங்கில் லேபிள் சரிபார்க்கிற வேலை. பாவம், மூக்கை நம்பியே பிழைத்தவர். அன்றிரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிப் புலம்பினார்.

சிரப் பாட்டில் முக்கால்வாசி காலியாகிவிட்டது, சளி மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. டாக்டரை வாய்க்கு வந்தபடி திட்டினார். வெள்ளிக்கிழமை காலை குளியலறைக் கதவு திறந்திருந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள். சிரப்பை மூடியில் ஊற்றினார். ஒரு சுழற்று. ஒரு முகர்வு. ஒரு வாய். சர்ர்ர். அப்புறம், வாஷ்பேசினில் துப்பினார்.

"அடப்பாவி மனுஷா! மருந்தையுமா துப்புவீங்க?"

அவரும் திகைத்துப்போய் வாஷ்பேசினைப் பார்த்தார். "நான் முழுங்கினதாத்தான் நெனச்சேன்டி!"

அப்புறம் வேளாவேளைக்கு அவளே ஊற்றினாள். ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு, "ம், முழுங்குங்க. தொண்டை அசையறத நான் பாக்கணும்" என்று நின்றாள். இருபத்தாறு வருஷப் பழக்கம் லேசில் விடுமா? கண்ணில் நீர் முட்ட முழுங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மறுபடியும் சூப்பை அடிப்பிடிக்க விட்டாள். கிண்ணத்தை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். விடிந்தால் பரீட்சை. அவர் கரண்டியைத் தூக்கினார். அது மூக்கருகே நின்றது. முகம் சுளித்தது.

"ஆரம்பமே கருகல். நடுவுல அதைவிடக் கருகல். முடிவு வரைக்கும் நான் உயிரோட இருக்கணுமே! இத மனுஷன் சாப்பிடுவானா?"

அவள் சமையலுக்கு இத்தனை மோசமான மார்க் என்றைக்கும் விழுந்ததில்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. துப்பிக்கொள்ளட்டும் என்று ஒரு காலிக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் கரண்டியை வாயில் வைத்தார். அவளைப் பார்த்தபடியே, தொண்டை அசைவது தெரியும்படி, முழுங்கினார். பிறகு அந்தக் காலிக் கிண்ணத்தை எடுத்து, அதிலும் ஊற்றச் சொல்லி நீட்டினார்.